மகளின் பன்னிரண்டு நாள் லீவு

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர போடுவதா பெரிய ற போடுவதா என்று இன்றைக்கும் கை தயங்கும். போன வாரம் இந்தப் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு எங்கள் தெருக்காரர் ஒருவர், "பரவால்லியே ஏழுமல, தப்பில்லாம எழுதற" என்றார். அந்தப் பெருமை எனக்குச் சேராது. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவர் யாரோ, அவருக்குச் சேர வேண்டியது. அவரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

இந்த வாரம் எழுத நினைப்பது ஒரு திங்கட்கிழமைக் காலை.

மணி பத்து இருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கீழே, தண்ணீர் தெளித்துத் துடைத்த சிமென்ட் தரையில், என் மகள் மல்லிகா தூங்கிக்கொண்டிருந்தாள். டேபிள் ஃபேன் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் நெற்றி முடி பறந்து மறுபடி விழுந்தது.

"எழுப்பாத. ரெஸ்ட் எடுக்கறாளாம்" என்றாள் என் மனைவி சரோஜா, மெதுவாக.

"எதுக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ கேளு."

நான் கேட்கவில்லை. வாசல்படியில் நின்று மகளின் கையைப் பார்த்தேன். உள்ளங்கை மேலே திரும்பி விரிந்து கிடந்தது. சுத்தமான கை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் திங்கட்கிழமை பத்து மணிக்குப் படுத்திருப்பவருக்கு ஒன்று காய்ச்சல் அடிக்கும், இல்லை வேலை போயிருக்கும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வியாபாரம் படிக்கிற காலேஜ்

மல்லிகா எங்களுக்கு ஒரே பிள்ளை. என் அப்பா பூந்தமல்லி பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் மெஷின் வேலைக்கு வந்தேன். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். மல்லிகா படித்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடம் முடித்தாள், பி.காம். முடித்தாள், பிறகு ஏதோ ஒரு பரீட்சை எழுதினாள். வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போகிற தூரத்தில், ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. எம்.பி.ஏ. என்றாள்.

"அதுல இன்னாம்மா சொல்லித் தருவாங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனி எப்படி நடத்தறது, சரக்க எப்படி விக்கறது, அதெல்லாம் நைனா."

இதை நான் ஃபாக்டரியில் தாஸிடம் சொன்னேன். தாஸ் என் பக்கத்து மெஷின்காரன். கொரட்டூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் நல்லவனாகத் திரும்பி வந்து, திங்கட்கிழமையிலிருந்து என்னைக் கிண்டல் செய்வான்.

"யாவாரம் கத்துக்க ரெண்டு வருசமா மச்சான்? எங்க அத்த ரெண்டே நாள்ல கத்துகினு மீன் விக்குது. வேணா உன் பொண்ண அனுப்பு, நான் சொல்றேன்."

முதல் வருஷம் முடிந்து, ஒரு புதன்கிழமை மல்லிகா ஊருக்கு வந்தாள். எனக்கு அந்த வாரம் முதல் ஷிப்டு. இரண்டு மணிக்கு முடித்து மூன்றரைக்கு வீடு வந்தேன். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டாள். அப்புறம் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னாள்.

"பன்னெண்டு நாள் லீவு நைனா. போய் ஊட்ல இருங்கன்னு சொல்லிட்டாங்க. கம்பெனிலேர்ந்து லெட்டர் வரும். ரெண்டு மாசம் அங்க டிரெயினிங். முடிச்சிட்டுத் திரும்ப காலேஜ் போவணும்."

"எந்த கம்பெனி?" என்றாள் சரோஜா.

"பாடில கீதும்மா. பெரிய கம்பெனி."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

ஊட்ல இருங்க. லெட்டர் வரும். பாடி. இந்த மூன்றையும் சேர்த்து நான் முன்னாலேயே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

லெட்டர் போடறோம்

அது எண்பதுகளின் நடுவில். அப்போது நான் பாடியில் ஒரு சின்ன கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டினேன். லாரிகள் திரும்புகிற ரோட்டை ஒட்டி தகரக் கொட்டகை. நாள் முழுக்க லாரி ஹாரனும் மெஷின் சத்தமும். தாஸும் அங்கேதான் இருந்தான். எங்கள் சிநேகம் அங்கே ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் நானும் தாஸும் சேர்த்துப் பதினோரு பேரை மட்டும் நிற்கச் சொன்னார். சம்பளத்தோடு போனஸையும் கையில் கொடுத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"ஆர்டர் கம்மியா இருக்குப்பா. ஒரு பத்துப் பன்னெண்டு நாள் வீட்ல இருங்க. ரெஸ்ட் எடுங்க. லெட்டர் போடறோம்."

நான் அதை நம்பினேன். பெயர், விலாசம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விலாசம் எழுதி வாங்கினால் லெட்டர் வரும் என்றுதானே நினைப்போம்.

லெட்டர் வரவில்லை. பன்னிரண்டு நாள் இல்லை, ஐந்து வாரம் போயிற்று.

அந்த ஐந்து வாரமும் நான் வீட்டில் இதைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. காலையில் ஏழு மணிக்கு சரோஜா கட்டிக் கொடுக்கிற டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஆவடி ஸ்டேஷனில் சைக்கிளை விடுவேன். கையில் சீசன் டிக்கெட் இருந்தது. ஆவடியில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி திருமுல்லைவாயலில் இறங்குவேன். பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு. காலையில் கொஞ்ச நேரம் அம்பத்தூர் ஃபாக்டரி எஸ்டேட்டில் வேலை கேட்டு அலைந்துவிட்டு வந்து அங்கே உட்காருவேன்.

பன்னிரண்டரைக்குச் சரியாகப் பசிக்கும். கம்பெனி சங்கு ஊதுகிற நேரம் அது. சங்கு இல்லாவிட்டாலும் வயிற்றுக்குத் தெரிந்தது. கேரியரைத் திறப்பேன். மரத்திலிருந்து ரோஸ் நிறப் பூ, பஞ்சு மாதிரி, சாம்பாரில் விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன்.

மூன்றாம் நாள்தான் ஒரு விஷயம் உறைத்தது. என் கை சுத்தமாகிக்கொண்டிருந்தது.

தினமும் மாலையில் நான் வீட்டுக்குப் போனதும் மல்லிகா ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் துண்டு சோப்பும் எடுத்து வருவாள். கை நீட்டுவேன். அவள் ஊற்ற ஊற்ற நான் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவேன். அப்போது அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. அது அவளுடைய வேலை. வேறு யாரும் செய்யக்கூடாது.

சுத்தமான கையை எப்படி அவளிடம் நீட்டுவது? ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் குனிந்து, என் சைக்கிள் செயினை நாலு தடவை அழுத்தித் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் மண்ணெண்ணெய் ஊற்றினாள். நான் கழுவினேன்.

ஆறாவது வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்ட ஆள் எடுத்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். "கம்பெனி மாத்திட்டேன்" என்று மட்டும் வீட்டில் சொன்னேன். "இது கிட்டக்கதானே, நல்லது" என்றாள் சரோஜா.

கையில் கிரீஸ் நிஜமாக ஏறிய முதல் நாள் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தபால்காரர் சைக்கிள்

இப்போது தெரிந்திருக்கும், படுத்திருந்த மகளின் கையை நான் ஏன் பார்த்தேன் என்று.

எனக்குத் தோன்றியது இதுதான். காலேஜில் ஏதோ ஆகிவிட்டது. பெயிலோ, சண்டையோ, உதவித்தொகை நின்றதோ. மரியாதையாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்ணுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் மகள்தானே, எப்படி வரும்?

அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்டு. இரண்டு மணிக்குப் போனால் போதும். காலையில் எழுந்து குளித்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கிற முருகர் படத்துக்கு முன்னால் நிற்பேன். "லெட்டர் வரட்டும் முருகா" என்பேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ரிப்பேர் செய்கிற மாதிரி உட்காருவேன். பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார்.

திங்கட்கிழமை அவர் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் நிற்கவில்லை. புதன்கிழமை நானே எழுந்து நின்றேன்.

"உனக்கு ஒண்ணும் இல்ல ஏழுமல. சைக்கிளுக்கு இன்னா, மூணு நாளா ஆபரேஷன் பண்றே?"

சைக்கிளில் ஒன்றும் இல்லை. நல்ல சைக்கிள்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஐந்து நாள் தூங்கித் தீர்த்தவள், செவ்வாய்க்கிழமை காலை எழுந்து குளித்தாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, "சும்மா வெளிய போயிட்டு வரேம்மா" என்று கிளம்பினாள். ஒரு மணிக்கு வந்தாளாம், சரோஜா சொன்னாள். புதன்கிழமையும் அதே மாதிரி. அன்றைக்குக் கிளம்பும்போது கேட்டாள்:

"லெமன் சாதம் டப்பால போட்டுக் குடும்மா. எடுத்துகினு போறேன்."

சரோஜா போட்டுக் கொடுத்தாள். டப்பா மூடுகிற சத்தம் எனக்கு வாசலில் கேட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அடுத்த பெட்டியில்

வியாழக்கிழமை அவள் பின்னாலேயே போனேன். பெற்ற மகளைப் பின்தொடர்ந்து போவது நல்ல காரியம் இல்லை. ஆனால் கேட்கத் தெரியாதவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

அவள் பஸ்ஸில் போனாள். நான் சைக்கிளில் அந்தப் பஸ்ஸின் புகையிலேயே போனேன். ஆவடி ஸ்டேஷனில் அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். நான் அடுத்த பெட்டியில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். அண்ணனூர் வந்தது. இறங்கவில்லை.

திருமுல்லைவாயலில் இறங்கினாள்.

நான் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பிளாட்பாரத்தில் மெதுவாக நடந்து போனாள். யாரையும் தேடவில்லை. அவசரமே இல்லை. கடைசியில் அந்த மரத்துக்குக் கீழே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கால் இரண்டையும் நீட்டினாள்.

ரயில் கிளம்பியது. ஜன்னலில் அவள் பின்னால் போய் மறைந்தாள். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

உலகத்தில் எத்தனை இடம் இருக்கிறது. போயும் போயும் அந்தப் பெஞ்சு.

நான் அம்பத்தூரில் இறங்கி நேராக ஃபாக்டரிக்குப் போனேன். ஷிப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்ல சண்டையா நைனா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

தாஸ் சொன்னது

சாயங்காலம் டீ இடைவேளை. கேண்டீன் சுவருக்குப் பின்னால் நின்றோம். அன்று நான் இரண்டு தடவை பிரஸ்ஸில் தகட்டைக் கோணலாக வைத்திருந்தேன். தாஸ் அதைக் கவனித்திருந்தான்.

"இன்னா மாமே, கை இங்க கீது, மனசு எங்கயோ மேயுது?"

சொன்னேன். மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து வாரம், பெஞ்சு, சைக்கிள் செயின், எல்லாம். பத்து வருஷத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாதது, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

தாஸ் சிரிக்கவில்லை.

"நான் அன்னிக்கே என் ஊட்டுக்காரி கிட்ட சொல்ட்டேன்டா. ரெண்டு நாள் திட்டுச்சு. மூணாம் நாள் அதுக்கே போரடிச்சுப் போச்சு. நீ அஞ்சு வாரம் பெஞ்ச தேச்சிகினு இருந்திருக்க. எங்கிட்டயாவது சொல்லக்கூடாது?"

"வாய் வரல."

"உனக்கு எப்பதான் வந்துச்சு? பொண்ணு பாக்கப் போன எடத்துல பேசாம குந்திகினு, மாப்ள ஊமையான்னு அவங்க கேட்டது தெரியாதா எனக்கு?" டீயை ஒரே மடக்கில் குடித்தான். "நாளைக்கு அந்தப் பெஞ்சுல போய்ப் பக்கத்துல குந்து. அவ்ளோதான். அந்தப் பொண்ணு பேசும். அது உன்ன மாரி இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன்

வெள்ளிக்கிழமை. வெறும் கையோடு போகத் தைரியம் இல்லை. ஆவடி ஸ்டேஷன் வாசலில் நுங்கு விற்றார்கள். ஓலையில் கட்டி வாங்கிக்கொண்டேன். திருமுல்லைவாயல் போய்ச் சேருவதற்குள் அதிலிருந்து தண்ணீர் சொட்டி என் சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"நைனா? நீ இங்க இன்னா பண்ற?" மல்லிகா நகர்ந்து இடம் விட்டாள். "ஷிப்டு இல்ல?"

"ரெண்டு மணிக்குத்தான்."

உட்கார்ந்தேன். நுங்கை நடுவில் வைத்தேன். ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. அதன் சத்தம் அடங்கியதும் சொன்னேன்.

"லெட்டர் வரலன்னா பரவால்லம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எந்த லெட்டர்?"

"கம்பெனி லெட்டர்."

"அது போன வெள்ளிக்கெழமயே வந்துடுச்சே நைனா. வர்ற திங்கட்கெழம ஒம்போது மணிக்கு ஜாயின் பண்ணணும். அம்மா சொல்லல?"

நான் நுங்கு ஒன்றை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தேன். அது வழுக்கிக்கொண்டே போயிற்று. அவள் வாங்கி உரித்துக் கொடுத்தாள்.

அந்த நுங்கின் குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது. அதோடு ஒன்பது நாளாக நெஞ்சில் இருந்த ஒன்றும் இறங்கியது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ காலேஜுல ஒண்ணும் பிரச்சன இல்ல?"

"இல்லியே. நல்ல மார்க்குதான். ஏன் நைனா?"

"சும்மா." பிறகு கேட்டேன்: "அப்போ இங்க ஏன் வந்து குந்திகினு கீற?"

அவள் காலை நீட்டிக்கொண்டாள்.

"ஊட்ல ஷீட்டு சூடு. தெருவுல போற வர்றவங்க எல்லாம் 'எப்போ கல்யாணம், கடை எப்போ தொறக்கற'ன்றாங்க." சிரித்தாள். "அங்க ஒரு வருசமா ஒரே ஓட்டம் நைனா. கிளாசுக்கு ஓடணும், கேண்டீனுக்கு ஓடணும், தூங்கினா தப்பு பண்ண மாரி இருக்கும். திங்கட்கெழமேலேர்ந்து மறுபடி ஓடணும். நடுவுல இது ஒண்ணுதான். இங்க குந்துவேனா, ரயில் வரும். எல்லாரும் ஓடி ஏறுவாங்க. நான் ஏற மாட்டேன். அது போயிடும். அப்புறம் இன்னொண்ணு வரும். அதயும் உட்ருவேன்."

"அதுல இன்னா கீது?"

"நல்லா கீது நைனா. நீ குந்திப் பாரு."

அடுத்த ரயில் வந்தது. விட்டோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. நிதானமான மூச்சு.

"இங்க வரணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன். என் வாழ்க்கையிலேயே ஒரே நாளில் நான் அதிகம் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

"உன்னப் பாத்துதான்."

கையில் இருந்த நுங்கை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் நாலாவது படிக்கசொல நைனா. அத்தகூட வில்லிவாக்கம் போய்கினு இருந்தோம். ஜன்னல்ல பாக்கறேன், நீ இதே பெஞ்சுல குந்திகினு கீற. கால நீட்டிகினு. டிபன் கேரியர் பக்கத்துல. மேல பூவா கொட்டிகினு கீது. ஊட்ல நீ சும்மா குந்தி நான் பாத்ததே இல்ல. நைனா லீவு போட்டுட்டு வந்து ஜாலியா கீதுன்னு நெனச்சேன். சொன்னா அம்மா உன்ன திட்டும். அதான் யாருக்கும் சொல்லல."

அவள் நுங்குத் தோலை மரத்தடியில் போட்டாள்.

"ஆஸ்டல்ல ரொம்ப முடியாம போச்சுன்னா, இந்தப் பெஞ்ச நெனச்சுக்குவேன். லீவு வந்தா அங்க போய் குந்தணும்னு."

முருகர் படம்

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கேட்டேன். "லெட்டர் எங்க?"

அவள் அரிசி களைந்துகொண்டே தலையால் காட்டினாள். "அதோ, சாமி படத்துக்குப் பின்னால."

ரேஷன் கார்டு, என் பி.எஃப். சீட்டு, மல்லிகாவின் பிறந்த சர்ட்டிபிகேட், எல்லாம் எங்கள் வீட்டில் முருகர் படத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான் இருக்கும். முக்கியமான காகிதம் எது வந்தாலும் சரோஜா அங்கேதான் செருகுவாள். கை விட்டு எடுத்தேன். நீளமான வெள்ளைக் கவர். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. பொண்ணு சொல்லியிருக்கும்னு நெனச்சேன். தெனமும் அங்கதானே நின்னு கும்புட்ற, உனக்குத் தெரியாதா?"

இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. மெஷினில் எழுதியிருக்கிற ஸ்டாப், ஆன், ஆஃப் தெரியும். இருந்தாலும் பிரித்துப் பார்த்தேன். மேலே கம்பெனி முத்திரை. கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, என்னுடையதைவிட மோசமாக. நடுவில் என் மகள் பெயர். அதை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்துவிட்டேன். மடித்து அதே இடத்தில் செருகினேன்.

ஃபாக்டரியில் தாஸ் கேட் வாசலிலேயே காத்திருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"லெட்டர் வந்துடுச்சு."

"எப்போ?"

"போன வெள்ளிக்கெழம. தெனம் நான் கும்புட்ற முருகர் படத்துக்குப் பின்னால கீது."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிச் சிரித்தான். "ஒரு வாரமா அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு லெட்டர் குடு லெட்டர் குடுன்னியா? பாவம்டா அவரு. பின்னால பாருடா, பின்னால பாருடான்னு கத்திகினு இருந்திருப்பாரு."

அன்றைக்கு ஒரு தகடுகூடக் கோணவில்லை.

திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் தரையில் படுத்தேன். மல்லிகா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஃபேன். "அப்பாவும் பொண்ணும் இன்னா, சத்திரமா இது?" என்று சரோஜா சத்தம் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவளும் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு ஜெனரல் ஷிப்டு. எட்டரைக்குள் கார்டு பஞ்ச் செய்ய வேண்டும். மல்லிகாவுக்கு ஒன்பது மணி. இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினோம். சரோஜா இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள். மல்லிகா கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். நடக்கும்போது அது மொறுமொறுவென்று சத்தம் போட்டது.

ஆவடி பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. ரயில் வந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். இருபது வருஷப் பழக்கத்தில் என் கால் தானாக முன்னால் போயிற்று. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

என் சட்டைக் கையை மல்லிகா பிடித்தாள்.

"நைனா, இத்த உட்ரலாம்."

அடுத்த ரயிலுக்குக் கால் மணி நேரம். அதில் போனாலும் எட்டு இருபத்தைந்துக்கு கேட்டில் இருக்கலாம். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியும். வேலை இருக்கிற நாளில், ஏற முடிகிற ரயிலை நான் அதுவரை விட்டதே இல்லை.

விட்டேன்.

ரயில் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பிளாட்பாரம் காலியானது. அத்தனை சத்தம் இருந்த இடத்தில் ஒரு மைனா இறங்கி, ஒழுகுகிற குழாயில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தது. பெஞ்சில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தோம். இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்தோம். அவள் காலை நீட்டினாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நானும் நீட்டினேன்.

அந்த டிரெயினிங் நல்லபடியாக முடிந்தது. படிப்பும் முடிந்தது. இப்போது அவள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கிப் படிப்பதாகச் சொல்கிறாள். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறாள்.

அன்றைக்குத் திருமுல்லைவாயலில் நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. பூ கொட்டுகிற மரத்தடியில் ஜாலியாக உட்கார்ந்திருந்த அப்பாவை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகும் பல தடவை சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

மல்லிகா, நீ ஜன்னலில் பார்த்த அன்றைக்கு நான் ரெஸ்ட் எடுக்கவில்லை அம்மா. நீ டிரெயினிங் சேர்ந்த அந்தத் திங்கட்கிழமைதான் எடுத்தேன். கால் மணி நேரம். நல்லா இருந்தது.

ஐப்பசி பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை.